டீமேக்கர் வாயில் நின்ற சீமெந்து

பல் கிளினிக்கில் உதவிக்கு நிற்க வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு சான்றிதழ் இருக்கிறது. நல்லது. என்னிடம் இல்லை. எட்டாம் வகுப்போடு தோட்டப் பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது எங்கள் இருவருக்கும் இடையில் உள்ள விஷயம். ஆனால் ஹட்டன் டவுனில் நான் வேலை பார்த்த கிளினிக்கில் தொங்கும் அத்தனை டொக்டர்மாரின் சான்றிதழ்களுக்கும் ஆணி அடித்தது நான்தான். ஒன்றுகூடக் கோணல் இல்லை. போய்ப் பாருங்கள்.

கூட்டித் துடைக்க வந்தவள் நான். ஒருநாள் உதவிக்கு நின்ற பெண் வரவில்லை என்று கையில் எச்சில் உறிஞ்சும் குழாயைக் கொடுத்தார்கள். அதைத் திரும்ப வாங்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் ‘மிஸ்’. மேலே பட்டிப்பொலவிலிருந்து கீழே வட்டவளை வரைக்கும், ரயிலேறி வந்து வாயைத் திறந்தவர்கள் எல்லாரும் டொக்டரின் முகத்துக்கு முன்னால் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். அதனால்தான் அவர்களுக்குப் பயம் போனது என்று நான் சொல்வேன். அதனால்தான் பயமே வந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவருக்கு இப்போது சொந்தப் பல் ஒன்றும் இல்லை. அவர் பேச்சை விடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது ஈறோரக் குழியைப் பற்றி. பல்லும் ஈறும் சேரும் கழுத்தில், அரிவாள் வெட்டிய மாதிரி ஒரு பள்ளம் விழும். நம் மலையில் அது இல்லாத வாயைக் காட்டுங்கள், நான் உங்களுக்கு என் வெள்ளைக் கோட்டைத் தருகிறேன். கரி, செங்கல் தூள், உப்பு, அதற்குப் பிறகு பிரஷ் வந்ததும் அந்தப் பிரஷ்ஷையே ரம்பமாக்கி அறுக்கிற பழக்கம். அந்தப் பள்ளத்தைப் பல் நிறப் பசையால் அடைக்க வேண்டும். கேட்கச் சுலபம். ஆனால் பல்லில் வேறு எங்கே வைத்தாலும் நிற்கும் பசை, அங்கே வைத்தால் மட்டும் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி கிளம்பிப் போய்விடும்.

என்னை ஆளாக்கிய பெரிய டொக்டருக்கு இதற்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. அவர் ஈறோரத்தில் ஒரு துண்டுப் பஞ்சை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பார். திரும்பி வந்து பஞ்சை எடுத்துப் பார்ப்பார். வெள்ளையாக இருந்தால் வேலை. கொஞ்சம் சிவந்திருந்தாலும் கருவியைத் தட்டில் போட்டுவிடுவார். “ஈறு அழுவுது. போய் ஆத்திட்டு வாங்க” என்பார். நல்லதண்ணி என்ற தூரத்து ஊரிலிருந்து கிடைக்கிற பஸ்ஸைப் பிடித்து வந்தவரையும் அப்படித்தான் அனுப்புவார். ஆட்கள் வாசலில் நின்று திட்டுவார்கள். என்னிடம், “நீ ஆள் பேச்சைக் கேக்காத, பஞ்சைப் பாரு” என்பார்.

கொழும்பிலிருந்து மருந்து விற்கும் பையன் ஒருவன் டை கட்டிக்கொண்டு வருவான். புதுப் பசை ஒன்றை மேசையில் வைத்து, “சேர், இது வருஷக்கணக்கா நிக்கும்” என்றான் ஒருமுறை.

“யாரு வாயில?” என்று கேட்டார் பெரிய டொக்டர்.

பையன் கையிலிருந்த தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அதில் அது எழுதியிருக்கவில்லை.

பெரிய டொக்டருக்குப் பிறகு சின்ன டொக்டர் வந்தார். கொழும்புப் பிள்ளை. கை சுத்தம், பேச்சு இனிப்பு, வேலையும் நிஜமாகவே அழகு. ஒரே ஒரு வியாதி: போன். வட்டமாக ஒரு லைட்டை வாங்கி வைத்திருந்தார். கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்குப் பிடிப்பார்களே, அது மாதிரி. பல்லை அடைக்கும் முன் ஒரு படம், அடைத்த பின் ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பேஸ்புக்கில் போடுவார். லைக்குகள் விழும். கொழும்பிலிருந்து கூட்டாளிமார் கைதட்டுவார்கள். அந்தப் படம் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, படத்தில் இருந்த அடைப்பு அந்த ஆளின் சோற்றோடு போயிருக்கும். முதல் நாள் எல்லா அடைப்பும் அழகுதான், பிள்ளைகளே. கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக் குடும்பம் எப்படி நடக்கிறது என்று சொல்ல முடியுமா?

இந்த நேரத்தில்தான் டீமேக்கர் ஐயா வந்தார்.

வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் டீமேக்கர். வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: தேயிலைத் தொழிற்சாலையைத்தான் எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். பச்சை இலை உள்ளே வந்து தேயிலையாக வெளியே போகும்வரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் டீமேக்கர். இவர் அதே ஸ்டோருக்குக் கீழே இருந்த லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அவர் அம்மா அந்த மலையிலேயே கொழுந்து பறித்தவர். லயத்திலிருந்து ஏறி வந்து உத்தியோகத்தர் கோட்டர்ஸில் குடியிருக்கும் முதல் ஆள். அதை அவர் ஒருபோதும் சொல்ல மாட்டார். ஆனால் அவர் சட்டையின் இஸ்திரி சொல்லும்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன விஷயம் இது. டீமேக்கர் தினமும் தேத்தண்ணியை ருசி பார்க்க வேண்டும். குடித்துப் பார்ப்பது அல்ல. கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்து ‘சர்ர்ர்’ என்று இழுக்க வேண்டும். இழுத்தால் தேத்தண்ணி நாக்கில் மழை மாதிரி விழும். அப்போதுதான் குற்றம் தெரியும். இவர் இழுத்தால் காற்று பல்லின் கழுத்துப் பள்ளங்களில் போய்ச் சுரீர் என்று குத்துகிறது. அதனால் கொஞ்ச நாளாக இழுப்பதை விட்டுவிட்டு, விருந்துக்குப் போன புது மருமகள் மாதிரி உதட்டில் வைத்து உறிஞ்சியிருக்கிறார். உறிஞ்சியதில் ஒரு கருகல் தேயிலை தெரியாமல் போய்விட்டது. அது கொழும்புக்குப் போய்ப் பேர் கெட்டது.

“தோட்டத்துப் புதுத் தொரை சொல்லிட்டாருங்க, டீமேக்கருக்கு நாக்கு செத்துப் போச்சாம்” என்றார். “ரெண்டு மாசத்துல கம்பெனிப் பெரியவங்க வர்றாங்க. அவங்களுக்கு முன்னால நான் ருசி பாத்துக் காட்டணுமாம். தவறுனா எனக்குக் கீழ இருக்குற உதவிக்காரர்தான் இனி டீமேக்கரு. நான் கோட்டர்ஸைக் காலி பண்ணணும்.”

“பல் வலின்னு தொரைகிட்ட சொல்ல வேண்டியதுதானே?” என்றேன்.

“பல்லு வலிக்கிற டீமேக்கரும் கண்ணு தெரியாத டிரைவரும் ஒண்ணுதானுங்களே மிஸ்.”

சின்ன டொக்டர் ஆறுதல் சொன்னார். அழகான வெள்ளைப் பசை வைத்தார். பசை இறுக நீல லைட் அடித்தார். மினுக்கினார். படம் எடுத்தார். டீமேக்கர் ஐயா கண்ணாடியில் தன் வாயைப் பார்த்து, தேர்தலில் ஜெயித்த மாதிரி சிரித்தார்.

அடுத்த மாதம் திரும்பி வந்தார். கைக்குட்டையில் வெள்ளைத் துணுக்குகள். இடது பக்கம் ஒன்றும் மிஞ்சவில்லை. வலது பக்கத்துக் கோரைப் பல்லில் ஒன்று மட்டும் நின்றது. சின்ன டொக்டர் முகம் சுருங்கி, மறுபடி அடைத்தார். இந்த முறை விலை கூடின பசை. இந்த முறையும் படம். அதுவும் போய்விட்டது. வலது பக்கத்து ஒன்று மட்டும் அப்படியே நின்றது.

இப்போது கிளினிக்கில் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். டொக்டர், பழைய ஸ்டொக் பசை என்றார். மருந்து விற்கும் பையன் போனில், நீல லைட் பலவீனம் என்றான். லைட் பழுதுபார்ப்பவர், ஹட்டன் குளிர் என்றார். வரவேற்பில் இருந்த பெண் நேரம் சரியில்லை என்றாள். நான் தட்டைக் கழுவினேன். பெரிய டொக்டர் இருந்திருந்தால் முதலில் பஞ்சைக் கேட்டிருப்பார் என்று மட்டும் நினைத்தேன். பஞ்சு இரண்டு முறையும் சிவந்துதான் வந்தது. சின்ன டொக்டர் மருந்து வைத்து அழுத்தி, ரத்தம் நின்றுவிட்டது என்று வேலையைத் தொடங்கிவிட்டார்.

மூன்றாம் முறை டீமேக்கர் ஐயா வந்தது ருசி பார்க்கும் நாளுக்கு முந்தின நாள். அன்று மின்சாரம் போய் வந்துகொண்டிருந்தது. வெளியே மழை.

“கொஞ்சம் பாத்ரூம் போயிட்டு வர்றேன் மிஸ்” என்றார். போனார்.

நான் வெளியே தட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம். கரக், கரக், கரக், கரக். முதலில் யாரோ கதவை அறுக்கிறார்கள் என்று நினைத்தேன். இந்தச் சத்தம் எனக்குப் புதிது இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. போன இரண்டு முறையும் கேட்டிருந்தது. தண்ணீர்க் குழாய் கெட்டுப்போயிருக்கிறது என்று நாங்கள் குழாய்க்காரருக்குச் சொல்லிக்கூட அனுப்பியிருந்தோம்.

கதவைத் தட்டினேன். அவர் கதவைத் திறந்தார். கையில் ஒரு பிரஷ். மயிர் எல்லாம் நாலு திசையும் சாய்ந்து, கழுத்து வளைந்து, பாத்திரம் விளக்கக்கூட நான் தொடமாட்டேன். வாய் ஓரத்தில் இளஞ்சிவப்பு நுரை.

“என்னா ஐயா இது?”

“டொக்டர் வாய்க்குள்ள பாக்கப் போறாருங்களே. அசிங்கமா வந்து உக்காரலாமுங்களா? மரியாதை இல்லையே.”

“வீட்டுல தேய்ச்சிட்டு வரலையா?”

“வீட்டுல தேய்ச்சேன். ஸ்டோர்ல தேய்ச்சேன். ருசி பாக்குறதுக்கு முன்னால எப்பவும் தேய்ப்பேங்க. வாய் சுத்தமா இருந்தாத்தான் நாக்கு பொய் சொல்லாது. கத்துக்கிட்ட நாள்லேருந்து பழக்கம்.”

பிள்ளைகளே, அவர் பல்லின் கழுத்தை அறுத்தது யார் என்று இப்போது தெரிகிறதா? அவருடைய தொழில் பக்தி. எங்கள் அடைப்பை விழ வைத்தது யார்? அவருடைய மரியாதை. ஒவ்வொரு முறையும் எங்கள் நாற்காலியில் உட்காருமுன் ஈறைக் கிழித்துவிட்டு, அந்த ஈரத்தில் பசையை வைக்கக் கொடுத்திருக்கிறார். வலக்கைக்காரர். இடது பக்கத்தில் பிரஷ் பலமாக இறங்கும். வலது கோரைப் பல்லில் கை திரும்பும்போது பிரஷ் தாண்டிப் போய்விடும். அதனால் அங்கே இருந்தது தப்பித்தது.

பிரஷ்ஷை வாங்கி ஒரு தட்டில் வைத்து, நகை வியாபாரி மாதிரி சின்ன டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்தார். டீமேக்கர் ஐயாவின் நுரையைப் பார்த்தார். ஈறோரத்தில் பஞ்சு வைத்துப் பார்த்தார். சிவந்து வந்தது. அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியில் பின்னால் சாய்ந்து சிரித்தார்.

“அக்கா, நான் மூணு கம்பெனிக்குப் போன் பண்ணித் திட்டியிருக்கிறேன்!”

பிறகு சிரிப்பு நின்றது. மறுநாள் காலை ருசி பார்க்கும் கூட்டம். நான் பெரிய டொக்டரின் சட்டத்தை எடுத்து வைத்தேன்: ஈறு அழுகிறது, இன்று வேலை இல்லை, ஆற்றிவிட்டு வரட்டும். அந்தச் சட்டம் ஒருநாளும் தவறியதில்லை.

“ஆத்திட்டு வரும்போது அவருக்கு வேலை இருக்காது அக்கா” என்றார் சின்ன டொக்டர்.

எடுத்து வைத்த சட்டத்தை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். நான் பின்வாங்கிய சந்தர்ப்பங்கள் அபூர்வம். அதனால்தான் இதை உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன். சட்டம் பல்லுக்காகப் போட்டது. நாற்காலியில் ஆளும் உட்கார்ந்திருந்தார்.

சின்ன டொக்டர் அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தார். அங்கே ஒரு தூள் போத்தலும் ஒரு தண்ணி மருந்தும் இருந்தன. இரண்டையும் கலந்தால் ஒரு பசை வரும். நாங்கள் அதைச் சீமெந்து என்போம். மங்கல். மினுக்கினாலும் மினுங்காது. படத்தில் அழகாக வராது. ஆனால் கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், பல்லைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். பெரிய டொக்டர் காலத்தில் அதைச் சின்னப் பிள்ளைகளுக்கும் வயசாளிகளுக்கும் வைப்போம். வட்ட லைட் வந்த பிறகு அதைத் தொட்டவர் இல்லை.

டீமேக்கர் ஐயா போத்தலை அடையாளம் கண்டுகொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இது சீமெந்துதானே? தோட்டத்துக்குப் பல் முகாம் வந்தப்ப லயத்து ஆளுங்களுக்கு வச்சாங்களே, அதுதானே?”

“அதுதான் ஐயா.”

“எனக்கு வேணாமுங்க. வெள்ளையே வைங்க. நாளைக்குக் கொழும்பு ஆளுங்க என் வாயைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க. வாயத் தொறந்தா லயத்துத் தரை மாதிரி இருக்கணுமா?”

டொக்டர் என்னைப் பார்த்தார். இந்த மாதிரி இடத்தில் சான்றிதழ் உதவாது. லயத்தில் பிறந்தவள்தான் பேச வேண்டும்.

“ஐயா, நீங்களும் நானும் தவழ்ந்த தரைதானே அது? இன்னும் நிக்குதா இல்லையா? தொரை பங்களாவுக்கு வருஷா வருஷம் வெள்ளை அடிக்கிறாங்க. மழை பெஞ்சா எங்க ஒழுகுது, சொல்லுங்க?”

“பங்களாவுலதான்” என்றார். வாயைத் திறந்தார்.

இடது பக்கம் முழுக்கச் சீமெந்து. சின்ன டொக்டர் பஞ்சு மாற்றி மாற்றி, பெரிய டொக்டரின் பொறுமையோடு வைத்தார். வலது கோரைப் பல்லில் நின்றுகொண்டிருந்த வெள்ளையை அவர் தொடவில்லை. வட்ட லைட்டை எரியவிடவும் இல்லை. மின்சாரம் இருந்தால்தானே என்று நீங்கள் கேட்கலாம். போனில் வெளிச்சம் இருந்தது. எடுக்கவில்லை. சீமெந்து யோசனை முழுக்க டொக்டருடையது. இப்போது நான் ஊரெல்லாம் என் யோசனை என்று சொல்லி வருகிறேன். ஓய்வு பெற்றவளுக்கு இந்தச் சலுகைகூட இல்லை என்றால் எதற்கு ஓய்வு?

சீமெந்து இறுகும்வரை அவரை வரவேற்பறையில் உட்காரவைத்து நான் காவல் இருந்தேன். பாத்ரூம் பக்கம் பார்த்தாலே முறைத்தேன். பிறகு எங்கள் பின்கட்டில் தேத்தண்ணி ஊற்றி, பால் சீனி போடாமல், ஒரு கரண்டியோடு நீட்டினேன்.

“இழுங்க.”

“இங்கயா? ஆளுங்க இருக்காங்களே.”

“நாளைக்கும் ஆளுங்க இருப்பாங்க. இழுங்க.”

இழுத்தார். ‘சர்ர்ர்ர்’. கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டாள். டீமேக்கர் ஐயா அப்படியே நின்றார். கன்னம் துடிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரவில்லை. மறுபடி இழுத்தார். பிறகு என்னைப் பார்த்து முகம் சுளித்தார்.

“மிஸ், இது எந்தக் கடை தேயிலை? கூட்டி அள்ளுனதுங்களா?”

நாக்கு சாகவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தேயிலையை அவ்வளவு நாள் நான்தான் வாங்கிக்கொண்டிருந்தேன் என்பது இங்கே தேவையில்லாத விஷயம்.

நான் அவர் கையில் ஒரு மெத்தென்ற பிரஷ்ஷைக் கொடுத்தேன். பழையதைக் கேட்டார். கொடுக்கவில்லை. ருசி பார்க்கும் முன் பல் தேய்க்கக்கூடாது, வெறும் தண்ணீரில் கொப்பளித்தால் போதும் என்று டொக்டர் சொன்னார். பூசைக்குக் குளிக்காமல் போகச் சொன்ன மாதிரி டீமேக்கர் ஐயா பதறினார். ஆனால் தலையாட்டினார்.

மறுநாள் மத்தியானம் வரை போன் வரவில்லை. நான் தட்டிலிருந்த கருவிகளை மூன்று முறை அடுக்கினேன். சின்ன டொக்டர் ஒரு பல்லுக்குப் பதில் பக்கத்துப் பல்லில் விறைப்பு ஊசி போடப் போனார். நான் கையைப் பிடித்தேன்.

போன் வந்ததும் சத்தமாக வைத்தேன்.

“மிஸ், வரிசையாக் கோப்பை வச்சிருந்தாங்க. உதவிக்காரர் எல்லாத்தையும் நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு. நான் இழுத்தேன். கம்பெனிப் பெரியவர் ஒரு அடி பின்னால போனாரு. கடைசிக்கு முந்துன கோப்பையில நின்னுட்டேன். இது கருகலுன்னேன். அன்னைக்கி நான் விட்டது எதுவோ, அதேதான்னேன். தொரை சிரிக்கிறாருங்க. அதே தேயிலையத்தான் எடுத்து ஒளிச்சு வச்சிருந்து, கோப்பையோட கோப்பையா வச்சாராம்!”

“அப்புறம்?”

“அப்ப ஏன் அன்னைக்கிச் சொல்லலன்னு கேட்டாரு. பல்லுன்னு சொன்னேன். அவரும் வாயத் தொறந்து காட்டுறாருங்க மிஸ். அவருக்கும் அதே பள்ளம்! நாளைக்கு அங்க வர்றாரு. வெள்ளை வைப்பீங்களான்னு கேட்டாரு. டொக்டர்கிட்ட கேக்கணுமுன்னு சொல்லிட்டேன்.”

கோட்டர்ஸில் அவரே இருந்தார். இப்போதும் இருக்கிறார். அவர் சின்ன மகள் அந்த வீட்டிலிருந்தே கெம்பஸுக்குப் போனாள்.

சின்ன டொக்டர் அதற்குப் பிறகு பேஸ்புக்கை விட்டுவிடவில்லை. மனுஷன் அப்படியெல்லாம் மாறமாட்டான். ஆனால் ஈறோரக் குழி என்றால் முதலில் நோயாளியின் பிரஷ்ஷைக் கேட்பார். வாயைப் பார்ப்பது அதற்குப் பிறகு. நீங்களும் கேளுங்கள். வீட்டிலிருந்து பிரஷ்ஷைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பல்லைவிட அது அதிகம் பேசும். இன்னொன்று: யாராவது ஒரு அடைப்பின் படத்தைக் காட்டினால், அழகு என்று சொல்லுமுன், எப்போது எடுத்தது என்று கேளுங்கள்.

நான் ஓய்வு பெறும் வாரத்தில் டீமேக்கர் ஐயா சோதனைக்கு வந்தார். சட்டை இஸ்திரி அப்படியே. சின்ன டொக்டர் கண்ணாடியை வைத்து இடது பக்க உதட்டைத் தூக்கினார். தேடினார். பல் எது, சீமெந்து எது என்று தெரியவில்லை. இத்தனை காலத் தேத்தண்ணிச் சாயம் ஏறி, சீமெந்தும் பல்லும் ஒரே பழுப்பு. கருவியின் நுனியால் ஓரத்தைத் தடவித்தான் கண்டுபிடித்தார். ஒன்றும் விழவில்லை.

“அக்கா, இதுதான் அசல் பல் நிறம்” என்றார். போனை எடுத்து ஒரு படம் எடுத்தார். பார்த்தார். “இதுக்கு ஒருத்தரும் லைக் போடமாட்டாங்க” என்று பைக்குள் வைத்துக்கொண்டார்.

டீமேக்கர் ஐயா எழுந்திருக்கவில்லை. வலது கோரைப் பல்லை விரலால் தொட்டுக் காட்டினார். அங்கே அந்தப் பழைய வெள்ளை, சாயம் ஏறாமல், பழுப்பு வாய்க்குள் தனியாக மின்னிக்கொண்டிருந்தது.

“மிஸ், சிரிச்சா எல்லாரும் இதைத்தான் பாக்குறாங்க. சோறு ஒட்டியிருக்குன்னு என் பொஞ்சாதியே தொடைக்க வர்றா. இதை எடுத்துட்டு, இங்கயும் அந்த லயத்துச் சீமெந்தையே வச்சிடுங்க.”

டொக்டர் அதைத் தட்டிப் பார்த்தார். “இது நல்லா நிக்குது ஐயா. நிக்கிறதை நான் தொடமாட்டேன்.”

டீமேக்கர் ஐயா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அப்ப சரிங்க” என்று எழுந்தார். “இதுலயும் சாயம் ஏறுதான்னு இன்னும் கொஞ்ச வருஷம் தேத்தண்ணிய இழுத்துப் பாக்குறேன்.”